நரம்பியல் நிலையுடையோர்க்கான சக ஆதரவு: இலங்கையும் அம்பாறைக் கரையோரமும்

வலிப்பு, ஓட்டிசம், மூளை முடக்குவாதம், பக்கவாதம், முதுகுத்தண்டுப் பாதிப்பு ஆகியவற்றோடு வாழ்வோரும் அவர்களின் குடும்பத்தாரும், அதே நிலையிலுள்ள பிறருக்குத் தம் அனுபவத்தால் கைகொடுப்பது சக ஆதரவு எனப்படும். இது வைத்தியத்துக்கு மாற்று அன்று. கிளினிக்கிலிருந்து வீடு திரும்பிய பின் வரும் நாட்களுக்கான துணை. இலங்கையில் இதன் வரலாறு சமுதாயம்சார் புனர்வாழ்வின் வரலாற்றோடு பிணைந்தது.

பிரதேசமும் குடும்ப அமைப்பும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலான ஊர்கள் நிர்வாகத்தில் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவை. சுகாதார நிர்வாகத்திலோ கல்முனை தனிப் பிராந்தியம். இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் திருமணத்தின்போது மகளுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழக்கம். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாகப் பதிவு செய்துள்ளார். தாயும் சகோதரிகளும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வதால், பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையை வளர்ப்பதில் உம்மாவுக்கு மூத்தம்மா, சாச்சி எனப் பல கைகள் உதவுகின்றன. அந்த வட்டத்துக்கு வெளியே, அதே நிலையிலுள்ள இன்னொரு குடும்பத்தைக் கண்டறிவதுதான் கடினம்.

சமுதாயம்சார் புனர்வாழ்வு

1978ஆம் ஆண்டின் அல்மா அட்டா பிரகடனத்தை அடுத்து, புனர்வாழ்வைப் பெருநகர நிலையங்களிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்லும் முறையை உலக சுகாதார ஸ்தாபனம் உருவாக்கியது. இதற்கென 1989இல் வெளியான கைநூலின் ஆசிரியர்களுள் ஒருவர் இலங்கைப் பிசியோதெரபிஸ்ட் பத்மானி மெண்டிஸ். அசைவு, பார்வை, கேள்வி, பேச்சு ஆகியவற்றோடு வலிப்பையும் கற்றல் சிரமத்தையும் தனியாக எடுத்துக்கொண்ட அந்நூல், குடும்பத்தில் ஒருவரைப் பயிற்றுநராக்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு வழிகாட்டியையும் தந்தது.

இலங்கையில் 1980களின் தொடக்கத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இம்முறை, 1994இல் தேசிய வேலைத்திட்டமாயிற்று. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், தொண்டர்கள், பெற்றோர் குழுக்கள், சுயஉதவிக் குழுக்கள் ஆகியோர் இதன் அச்சாணிகள்.

அனுபவ அறிவின் பங்கு

சக ஆதரவு எவ்வாறு செயற்படுகிறது என்பதற்கு வலிப்பு நல்ல எடுத்துக்காட்டு. வலிப்பு வந்தவரின் கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதும், ஜின் பிடித்ததாக எண்ணி ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதும் ஊர்களில் காணப்படுபவை. பல தடவை வலிப்பைக் கண்ட இன்னொரு தாய், கை கால்களை அழுத்திப் பிடிக்காமல், சுற்றியுள்ள பொருட்களை அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் வைக்காதிருக்கவும், 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் சொல்லிக்கொடுக்க முடியும். ஓதுவதையும் மாத்திரையையும் எதிரெதிராக நிறுத்தாமல் பேசவும் அவரால் முடியும். வலிப்புள்ளவர் தனியே தோணியில் போகக்கூடாது, கிணற்றடியிலும் அடுப்படியிலும் துணை வேண்டும் என்பன மீன்பிடி ஊர்களில் முக்கியமான எச்சரிக்கைகள்.

சுனாமிக்குப் பின்

2004 டிசம்பர் 26ஆம் திகதிய சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். அந்த அனர்த்தமே மனநலச் சேவைகள் பரவவும் வழிவகுத்தது. 2005இல் தேசிய மனநலக் கொள்கை ஏற்கப்பட்டது. சக ஆதரவைப் போலவே, பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஊரவர்களே சமூக ஆதரவு உத்தியோகத்தர்களாகப் பயிற்றப்பட்டனர். சுனாமிக்கு முன் 10 மாவட்டங்களில் இருந்த மனநலச் சேவைக் கட்டமைப்பு பின்னர் 20 மாவட்டங்களுக்குப் பரவியதாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடுகிறது.

உரிமைக் குரல்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தொழிலிலும் கல்வியிலும் பாகுபாட்டைத் தடை செய்தது. 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மீது மரம் விழுந்து முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட அஜித் பெரேரா, பொதுக் கட்டடங்களின் அணுகுவசதிக்காக உயர் நீதிமன்றம் சென்று 2011இல் சாதகமான தீர்ப்பைப் பெற்றார். தமிழகத்தின் ஆய்க்குடியில் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். இராமகிருஷ்ணனும் முதுகுத்தண்டுப் பாதிப்புடையவரே. பின்னாளில் அவரோடு இணைந்த சங்கரராமன் தசைச்சிதைவு நோயுடையவர்.

ஓட்டிசத்தில் இக்குரல் பிந்தியே எழுந்தது. மேற்கில் ஓட்டிசமுடையோரே நடத்திய அமைப்பு 1992இல் உருவானது. இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாதக் குழந்தைகளில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் எனக் கணித்தது. அதன்பின் கவனம் பெரும்பாலும் குழந்தைகள் மீதே குவிந்தது.

இன்றைய நிலை

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தில் 2007இல் கைச்சாத்திட்ட இலங்கை, 2016 பெப்ரவரி 8ஆம் திகதி அதை ஏற்புறுதி செய்தது. புனர்வாழ்வு பற்றிய அதன் 26ஆம் உறுப்புரை, சக ஆதரவை அரசு கைக்கொள்ள வேண்டிய வழிகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே கல்முனைக் கரையின் குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டறிந்து கூடுவதற்கு வழிசெய்வது அரசின் தர்மமன்று, கடமை.