கித்தான் கைப்பைகளும் அவற்றின் நகல்களும்: விலை, தரம், வரலாறு

புகழ்பெற்ற நிறுவனங்களின் அச்சு வடிவம் கொண்ட கித்தான் (கான்வாஸ்) பைகளைப் பார்த்து, அந்நிறுவனங்களின் உரிமம் பெறாமல் செய்யப்படும் பைகள் நகல் பைகள் எனப்படுகின்றன. இவ்வாறு உலகெங்கும் மிகுதியாக நகலெடுக்கப்படுபவற்றுள் ஒன்று, பிரான்சு நாட்டின் லூயி வுய்ட்டன் நிறுவனத்தின் பழுப்பு நிறக் கித்தான் ஆகும். அதிலுள்ள எழுத்தும் பூவும் சேர்ந்த வடிவம், நகலைத் தடுப்பதற்காகவே 1896-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. தடுக்க வந்த வடிவமே நகல் வணிகத்தின் மூலப்பொருளான வரலாறு, பொருளின் விலைக்கும் தரத்துக்கும் உள்ள தொடர்பை அறியத் துணை செய்கிறது.

தொடக்கம்

லூயி வுய்ட்டன் (1821–1892) பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் பிறந்தவர். 1854-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பயணப் பெட்டி செய்யும் கடையைத் தொடங்கினார். அக்காலப் பெட்டிகளின் மூடிகள் மழைநீர் வழிந்தோடுவதற்காக வளைந்திருந்தன. அதனால் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க இயலவில்லை. ரயிலும் நீராவிக் கப்பலும் பெருகிய காலத்தில் இது பெரும் இடையூறாக இருந்தது.

1858-ஆம் ஆண்டு வுய்ட்டன் தட்டையான மூடி கொண்ட பெட்டியை அறிமுகப்படுத்தினார். அதன்மேல் நீர் புகாத சாம்பல் நிறக் கித்தானைப் போர்த்தினார். இது தோலைவிட எடை குறைந்தது. ஆகவே, கித்தான் முதலில் அழகுக்காக வந்ததன்று. பயணத்தின் தேவைக்காக வந்தது.

நகலைத் தடுக்க எழுந்த வடிவங்கள்

பெட்டி வெற்றி பெற்றதும் பிற கடைக்காரர்கள் அதைப் போலவே செய்து விற்கத் தொடங்கினர். வெறும் சாம்பல் நிறத் துணியைப் போலச் செய்வது எளிது. எனவே 1872-இல் கோடுகள் இட்ட கித்தான் வந்தது. அதுவும் நகலெடுக்கப்பட்டது. 1888-இல் சதுரங்கக் கட்டங்கள் கொண்ட 'டாமியே' வடிவம் வந்தது. பதிவு பெற்ற வணிகக்குறி என்னும் பொருள்பட்ட பிரெஞ்சுச் சொற்களும் அதன் கட்டங்களில் இடம்பெற்றன.

லூயியின் மறைவுக்குப் பின் அவர் மகன் ஜார்ஜ் வுய்ட்டன், 1896-இல் 'மோனோகிராம்' வடிவத்தை உருவாக்கினார். தந்தையின் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் பின்னிக் கிடக்க, சுற்றிலும் நான்கிதழ்ப் பூக்கள் அமைந்தன. கோட்டுக்கும் கட்டத்துக்கும் எவரும் உரிமை கொண்டாடலாம். ஒருவரின் பெயரெழுத்தை மற்றவர் இட்டால் அது வெளிப்படையான போலி ஆகிவிடும் என்பதே இதன் அடிப்படை.

அந்தக் கணிப்பு பிழையன்று என்பதைப் பிற்காலத் தீர்ப்பு ஒன்று காட்டியது. 2015-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம், டாமியே கட்டம் எங்கும் காணப்படும் பொதுவான வடிவமே எனக் கூறி, அதன் வணிகக்குறிப் பதிவு செல்லாது என்ற முடிவை உறுதி செய்தது.

பெட்டியிலிருந்து கைப்பைக்கு

தொடக்க காலக் கித்தான் விறைப்பானது, மரப்பெட்டிகளுக்கே ஏற்றது. 1959-இல் பருத்தித் துணியின்மேல் பிவிசி எனும் நெகிழிப் பூச்சு கொடுத்து, மடங்கக்கூடிய மென்மையான கித்தான் உருவாக்கப்பட்டது. அதன்பின் மோனோகிராம் வடிவம் கைப்பைகளில் பரவியது. இப்பைகளைத் தோல் பைகள் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இவற்றின் உடல் பகுதி பூச்சுத் துணியே. கைப்பிடி, ஓரப்பட்டை போன்றவை மட்டுமே தோல்.

இந்த மாற்றம் நகல் செய்வோருக்கும் வாய்ப்பாயிற்று. நல்ல தோலைப் பதப்படுத்துவது கடினம். பூச்சுத் துணியில் வடிவத்தை அச்சிடுவது எளிது.

விலை

2007-இல் அறிமுகமான 'நெவர்ஃபுல்' என்னும் கித்தான் தோள்பை, அமெரிக்காவில் ஏறத்தாழ 600 டாலருக்கு விற்கப்பட்டது. 2020-களில் அதன் விலை ஏறத்தாழ 2,000 டாலர் ஆனது. இடைப்பட்ட காலத்தில் துணியின் தன்மை மூன்று மடங்கு உயர்ந்துவிடவில்லை. துணி, தோல், தையல் கூலி ஆகியவற்றுடன் கடை வாடகை, விளம்பரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயரின் மதிப்பு ஆகியவையும் அவ்விலையில் அடங்கும்.

இந்த இடைவெளியில்தான் நகல் வணிகம் வாழ்கிறது. துணிக்கும் பெயருக்கும் இடையே விலை வேறுபாடு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு நகலின் இலாபமும் பெரிது.

தரத்தை ஒப்பிடல்

நகல் பைகளுக்கு 'முதல் தரம்', 'மூன்று ஏ', 'கண்ணாடி நகல்' எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவை விற்பவர் தாமே சூட்டிய பெயர்கள்; எந்தத் தர அமைப்பும் வரையறுத்தவை அல்ல. பொதுவாக ஒப்பிடத்தக்க கூறுகள் பின்வருமாறு:

* பூச்சு: மலிவான பூச்சு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் பிசுபிசுக்கும்; மடிப்புகளில் வெடிக்கும்.
* தோல்: அசல் மோனோகிராம் பைகள் பலவற்றின் கைப்பிடி சாயம் ஏற்றாத மாட்டுத்தோல். வெயிலும் கைபட்ட எண்ணெய்ப் பசையும் சேர்ந்து, காலப்போக்கில் அது தேன் நிறம் பெறும். செயற்கைத் தோல் அவ்வாறு மாறாது.
* தையல்: தையல் சீராக இருப்பதும், கைப்பிடி உடலோடு சேரும் இடம் உறுதியாக இருப்பதும் பையின் ஆயுளைத் தீர்மானிக்கும்.
* வடிவம்: 'ஸ்பீடி' என்னும் பையில் ஒரே துண்டுக் கித்தான் அடிப்புறம் சுற்றி வருவதால், ஒரு பக்கத்தில் எழுத்துகள் தலைகீழாக இருக்கும். இதைக் கண்டு அசலையே போலி எனக் கருதுவோர் உண்டு.
* எண்: 1980-களின் தொடக்கம் முதல் பைகளின் உள்ளே உற்பத்திக் குறியெண் இடப்பட்டது. அதையும் நகலாளர் அச்சிட்டனர். 2021 முதல் அதற்கு மாற்றாக மின்னணுச் சில்லு வைக்கப்படுகிறது.

சட்டமும் சந்தையும்

சீனத் தலைநகர் பெய்ஜிங்கின் பட்டுத் தெருச் சந்தை நகல் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. லூயி வுய்ட்டன், குச்சி, சனெல், பிராடா, பர்பெரி ஆகிய ஐந்து நிறுவனங்கள் 2005-இல் அங்கு வழக்குத் தொடுத்தன. விற்ற கடைக்காரர் மட்டுமின்றி, இடத்தை வாடகைக்கு விட்ட சந்தை நிறுவனமும் பொறுப்பு என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006-இல் மேல்முறையீட்டிலும் இது நிலைத்தது. இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டப்படி, போலிக் குறி இட்ட பொருளை விற்பது குற்றம். அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

எனினும் ஒன்றைப் பார்த்து வரைந்த எல்லாமே போலி ஆகிவிடாது. அமெரிக்காவில் 'மை அதர் பேக்' என்னும் நிறுவனம், விலையுயர்ந்த பைகளின் கேலிப்படத்தைச் சாதாரணக் கித்தான் பையில் அச்சிட்டு விற்றது. அதை எதிர்த்து லூயி வுய்ட்டன் தொடுத்த வழக்கு 2016-இல் தோற்றது. அப்பை தன்னை அசல் எனக் காட்டிக்கொள்ளவில்லை. நகைச்சுவையே அதன் நோக்கம் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

மதிப்பீடு

அசல் பையின் விலையில் பெரும்பகுதி பெயருக்கானது என்பது நகல் வாங்குவோர் கூறும் வாதம். அது பெரிதும் உண்மையே. ஆனால் நகல் வாங்குபவரும் பெயருக்கே பணம் தருகிறார். அந்த எழுத்துகள் இல்லையெனில், அதே பூச்சுத் துணிப் பைக்கு அவர் அவ்வளவு தர மாட்டார். நகலின் விலை உயர உயர இது மேலும் தெளிவாகும். அதே தொகைக்குச் சொந்தப் பெயரில் விற்கப்படும் நல்ல தோல்பையே கிடைக்கக்கூடும். பூச்சு வெடித்தால் அதைத் திருப்பித் தரலாம். நகலைச் செய்தவர் யார் என்பதோ வாங்கியவருக்குத் தெரியாது.

ஜார்ஜ் வுய்ட்டன் தம் தந்தையின் பெயரெழுத்தைத் துணியில் இட்டது, இப்பொருளுக்கு நாங்களே பொறுப்பு என்று அறிவிப்பதற்காக. நகலில் அந்த எழுத்து இருக்கிறது, பொறுப்பு இல்லை.