டபிள்யூஜி 236: பதினோரு மாதம் பறந்த விமானம்

1951 செப்டம்பர் 26 அன்று, லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டில் இருந்த டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் ஓடுபாதையிலிருந்து ஒரு ஜெட் விமானம் முதன்முறையாக மேலேறியது. ஓட்டியவர் ஜான் கன்னிங்ஹாம். இரண்டாம் உலகப்போரில் இரவு வானில் எதிரி விமானங்களை வீழ்த்திப் பேர்பெற்றவர். விமானத்தின் வகை டிஹெச் 110, அதன் எண் டபிள்யூஜி 236. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஏவான் இன்ஜின்கள், இரண்டு இருக்கைகள், பின்னோக்கிச் சரிந்த இறக்கைகள், வாலைத் தாங்க இரண்டு நீண்ட தண்டுகள். இருளிலும் மழைமேகத்திலும் எதிரியைத் தேடிப் பிடிக்கும் போர் விமானமாக அதை வளர்க்க நினைத்தார்கள்.

அது ஒலியின் வேகத்தைத் தாண்டுவதே பெருங்கனவாக இருந்த காலம். அமெரிக்காவின் சக் யேகர் 1947 அக்டோபர் 14 அன்று பெல் எக்ஸ்-1 ராக்கெட் விமானத்தில் அதைச் சாதித்திருந்தார். அதற்கு ஓராண்டு முன்பே டி ஹாவிலண்ட் நிறுவனர் தம் மகனைப் பறிகொடுத்திருந்தார். அதிவேகச் சோதனைக்காகக் கட்டிய டிஹெச் 108 விமானம், இளைய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஓட்டிக்கொண்டிருந்தபோது வானிலேயே சிதறியது. அதே வகை விமானத்தில்தான் 1948 செப்டம்பர் 6 அன்று ஜான் டெர்ரி ஒலிவேகத்தை மிஞ்சினார். பிரிட்டனில் அதைச் செய்த முதல் விமானி அவர். ஒலித்தடையையே பெயராகவும் கதையாகவும் கொண்ட டேவிட் லீனின் திரைப்படம் 1952இல் வெளியானது. மக்கள் விமானிகளை நாயகர்களாகக் கொண்டாடினார்கள்.

ஒலி தரைமட்டத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,225 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. உயரத்தில் காற்று குளிர்வதால் 40,000 அடியில் அது சுமார் 1,060 ஆகக் குறைந்துவிடும். அலையைவிட வேகமாகப் போகும் படகின் பின்னே நீர் இருபுறமும் வரப்பாக எழுவதுபோல, ஒலியை முந்தும் விமானத்தைச் சுற்றிக் காற்று நெருங்கிக் கூம்பு வடிவ அதிர்வலையாகிறது. அது தரையைத் தொடும் இடத்தில் இருப்பவர் காதில் விழும் வெடிச்சத்தமே சோனிக் பூம். தடையைத் தாண்டும் கணத்தில் மட்டும் அது பிறப்பதில்லை; ஒலியை மிஞ்சிப் பறக்கும் நேரம் முழுவதும் விமானம் அதை இழுத்துச் செல்கிறது.

டபிள்யூஜி 236 மட்டப் பறத்தலில் அந்த வேகத்தை எட்டாது. உயரத்திலிருந்து மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால் எட்டும். 1952 ஏப்ரலில் எட்டியது. ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் விமானிகள் இதையே சாகசமாக்கினார்கள். மிக உயரத்திலிருந்து திடலைக் குறிவைத்துப் பாய்வார்கள். அதிர்வலை முன்னே சென்று திடலை உலுக்கும். வேகம் குறைந்த விமானம் பிறகு வந்து கூட்டத்தின் முன் தாழப் பறக்கும்.

1952 செப்டம்பர் 6, சனிக்கிழமை. டெர்ரியின் சாதனைக்குச் சரியாக நான்கு ஆண்டுகள். கண்காட்சியில் பறக்கவிருந்த டபிள்யூஜி 240 என்ற இரண்டாவது விமானம் பழுதாகிவிட, டெர்ரியும் சோதனைப் பார்வையாளர் டோனி ரிச்சர்ட்ஸும் ஹாட்ஃபீல்டுக்குப் போய் டபிள்யூஜி 236ஐக் கொண்டுவந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். பூம் முழங்கியது, விமானம் இறங்கிவந்து திடலைக் கடந்தது, இடப்பக்கம் வளைந்து கூட்டத்தை நோக்கித் திரும்பியது. சாய்விலிருந்து நிமிர்ந்து மேலேற முனைந்த நொடியில் வலது இறக்கையின் வெளிப்பகுதி முறிந்தது. அடுத்து இடது இறக்கையும் முறிந்தது. ஒரு நொடிக்குள் விமானம் துண்டுதுண்டானது. கழன்ற இன்ஜின்களில் ஒன்று குன்றின் மேல் நின்றிருந்தவர்கள் நடுவே பாய்ந்தது. பார்வையாளர்கள் 29 பேரும் விமானத்தில் இருந்த இருவரும் இறந்தனர்.

ஓடுபாதையைத் துப்புரவு செய்ததும் நெவில் டியூக் தம் ஹாக்கர் ஹண்டரில் மேலேறி, ஒலியை மிஞ்சிப் பாய்ந்து தம் நிகழ்ச்சியை நடத்தி முடித்தார். பிரதமர் சர்ச்சில் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அன்றைய பாடம் விசாரணையில்தான் கிடைத்தது.

விமானம் உடைந்தபோது ஒலியைவிட மிகக் குறைந்த வேகத்தில்தான் சென்றுகொண்டிருந்தது. உருண்டு நிமிர்வதும் மேலே இழுப்பதும் ஒன்றுசேர்ந்த சுமையை இறக்கையின் முன்விளிம்பு அமைப்பு தாங்கவில்லை. பொறியாளர்கள் அந்தக் குறையைத் திருத்தினார்கள். விமானப்படை ஜாவலின் விமானத்தைத் தேர்ந்துகொள்ள, கடற்படை டிஹெச் 110இன் வழிவந்த ஸீ விக்ஸனை ஏற்றுக்கொண்டது. 1959இல் பணியில் சேர்ந்த ஸீ விக்ஸன் 1970களின் தொடக்கம்வரை விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்தது.

இறக்கையின் குறை இருவரைக் கொன்றது. 29 பார்வையாளர்கள் இறந்ததற்குக் காரணம், விமானம் அவர்களை நோக்கிப் பறந்ததுதான். அதன்பின் பிரிட்டனில் விதிகள் கடுமையாயின. நேராகப் பறக்கும் ஜெட் கூட்டத்திலிருந்து குறைந்தது 230 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றானது. வளைந்து சாகசம் செய்தால் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. 2015இல் ஷோர்ஹாமில் ஒரு பழைய ஹாக்கர் ஹண்டர் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறக்கும்வரை, அதாவது 62 ஆண்டுகளுக்கும் மேலாக, பிரிட்டனின் எந்த விமானக் காட்சியிலும் பார்வையாளர்களில் ஒருவர்கூட விமானம் விழுந்து இறக்கவில்லை.

விமானக் காட்சிக்குப் போகிறவர்களே, விமானம் எட்டத்தில் போகிறதே, கூட்டத்தின் தலைக்கு மேல் வரவில்லையே என்று குறைப்பட வேண்டாம். அந்த இடைவெளியைக் கேட்டுப் பெறுங்கள், குறுக்க விடாதீர்கள்.