மோட்டார்ஹோம் எரிவாயுச் சாதனங்களில் மின்கோளாறுகள்

சமையலறை, படுக்கை, கழிப்பறை ஆகியவற்றுடன் சாலையில் ஓட்டிச் செல்லும் வீடுதான் மோட்டார்ஹோம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவலாகப் புழங்கும் இவ்வண்டிகளில் அறை ஹீட்டர், வெந்நீர்க் கலன், ஃபிரிட்ஜ், அடுப்பு ஆகியவை பெரும்பாலும் புரொப்பேன் அல்லது பியூட்டேன் எரிவாயுவில் இயங்குகின்றன. எரிவது வாயுவே என்றாலும், இக்காலச் சாதனங்களில் அடுப்பைத் தவிர மற்றவை பெரும்பாலும் 12 வோல்ட் மின்சாரம் இல்லாமல் பற்றுவதில்லை. சிலிண்டர் நிறைய வாயு இருந்தும் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. அதைப் பார்க்காமல் வாயுக் குழாயைக் கழற்றத் தொடங்குபவர், பழுதில்லாத ஒன்றைப் பழுதாக்கிவிடும் ஆபத்து உண்டு.

மின்சாரத்தின் வேலை

பழைய சாதனங்களில் பைலட் சுடர் ஒன்று தெர்மோகப்பிளைச் சூடாக்கும். அதில் பிறக்கும் 20 முதல் 30 மில்லிவோல்ட் மின்னழுத்தமே வாயு வால்வைத் திறந்து வைத்திருக்கும், பேட்டரி தேவையில்லை. இன்று அந்த வேலையை ஒரு மின்னணுப் பலகை செய்கிறது. வால்வைத் திறப்பது, பொறி கொடுப்பது, சுடர் வந்ததா எனப் பார்ப்பது, வராவிட்டால் சில முயற்சிகளுக்குப் பின் பூட்டிக்கொள்வது எல்லாம் அதன் பொறுப்பு. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியிலிருந்து தனியாக வைக்கப்பட்டிருக்கும் வீட்டுப் பேட்டரிதான் இதற்கு மின்சாரம் தருகிறது. முகாமிடத்தில் 230 வோல்ட் இணைப்பில் செருகியிருந்தாலும் (அமெரிக்காவில் 120 வோல்ட்) பலகைக்குப் போவது சார்ஜர் வழியாக வரும் 12 வோல்ட்தான்.

விளக்கு எரிகிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைப்பது இங்கே பலரையும் திசைதிருப்புகிறது. எல்இடி விளக்கு இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். ஹீட்டரின் விசிறி இழுப்பதோ பல ஆம்பியர்.

விசிறி சுற்றும், தீ பற்றாது

அமெரிக்க வண்டிகளில் உள்ள காற்றுவழி ஹீட்டர் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. தெர்மோஸ்டாட் இணைந்ததும் முதலில் விசிறி சுற்றும். போதிய வேகத்தில் காற்று கிளம்பினால் ‘செயில் சுவிட்ச்’ என்னும் சிறு தகடு சாய்ந்து சுற்றை மூடும். அதன் பிறகுதான் பலகை வாயு வால்வைத் திறந்து பொறி கொடுக்கும். பேட்டரி தளர்ந்து, விசிறிக்கு 10.5 வோல்ட்டோ அதற்கும் குறைவாகவோ கிடைத்தால், விசிறி சுற்றும் சத்தம் கேட்கும். ஆனால் தகட்டைச் சாய்க்கும் அளவுக்குக் காற்று இராது. பலகை வாயுவைத் திறக்கவே திறக்காது. உரிமையாளரோ விசிறிச் சத்தத்தைக் கேட்டு மின்சாரம் சரி, வாயுதான் வரவில்லை என்று முடிவு கட்டுகிறார். உண்மை நேர்மாறானது.

கோளாறு வரும் நேரமும் ஒரு தடயம். மாலையில் ஒழுங்காக எரிந்த ஹீட்டர் விடியற்காலைக் கடுங்குளிரில் நின்றுபோய், பகலில் எஞ்சின் ஓடியதும் தானே சரியாகிவிட்டால், இரவு முழுதும் விசிறியும் விளக்குகளும் பேட்டரியைக் கரைத்திருக்கின்றன என்றே கொள்ளலாம். பேட்டரி நன்றாக இருந்தும் இதே அறிகுறி வந்தால் செயில் சுவிட்சில் படிந்த நூல்தூசியையும் நாய்முடியையும், அடைபட்ட காற்றுக்குழாய்களையும் பார்க்க வேண்டும். அந்த சுவிட்சை வயர் போட்டு இணைத்துவிடும் குறுக்குவழியை ஒருபோதும் நாடக் கூடாது. காற்றோட்டம் இல்லாவிட்டால் ஹீட்டரின் எரிகலம் அளவுமீறிச் சூடாகிவிடும்.

அளக்கும் முறை

நன்கு சார்ஜ் ஆன ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும்; 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி தீர்ந்திருக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும் என்பதால், அதில் எவ்வளவு மிச்சம் என்பதை வோல்ட்டைக் கொண்டு சொல்ல முடியாது. எந்த பேட்டரியானாலும் ஓய்வில் எடுத்த அளவு பாதிச் செய்திதான். ஓய்வில் 12.5 காட்டிய பேட்டரி, விசிறி கிளம்பியதும் 11-க்குச் சரிந்தால் அதன் கொள்ளளவு போய்விட்டது என்று பொருள்.

பேட்டரியில் வோல்ட் சரியாக இருந்து சாதனத்தில் குறைந்தால் இழப்பு நடுவில் இருக்கிறது. அதைப் பிடிக்கச் சிறந்த வழி, சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நேர்முனையிலும், மற்றதைச் சாதனத்தின் நேர்முனையிலும் வைப்பது. முனைகள் எட்டாவிட்டால் ஒரு நீண்ட வயரால் நீட்டிக்கொள்ளலாம். மீட்டர் காட்டும் எண்ணே வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினால் தேடவேண்டியதுதான். எதிர்முனைக்கும் இப்படியே அளக்க வேண்டும். 10 ஆம்பியர் ஓடும் வயரில் 0.1 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் காணாமல் போகும்; 230 வோல்ட் வீட்டில் யாரும் கவனிக்காத அந்த இழப்பு, இங்கே பன்னிரண்டில் ஒரு பங்கு. மல்டிமீட்டரின் ‘பீப்’ சோதனை இதைக் காட்டாது. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் ஒலிக்கும்.

இழப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதாம்: வெப்பத்தில் பழுத்துப்போன ஃபியூஸ் கூடு, பச்சைக் களிம்பு படிந்த டெர்மினல், சரியாக நசுக்கப்படாத வயர் இணைப்பு, வண்டியின் சட்டகத்தில் துருவேறிய எர்த் போல்ட். எர்த் பக்கத்தைத்தான் மிகப் பலர் விட்டுவிடுகிறார்கள்; என் கணிப்பில் முதலில் பார்க்க வேண்டியது அதுவே. ஃபியூஸைக் கண்ணால் பார்த்தால் போதாது, கழற்றி அதன் கால்களையும் சுத்தப்படுத்த வேண்டும்.

ஃபிரிட்ஜ்

மோட்டார்ஹோம்களில் பரவலாக உள்ள உறிஞ்சல் வகை ஃபிரிட்ஜை 1922-இல் ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கழக மாணவர்களான பால்ட்சர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்ட்டர்ஸும் உருவாக்கினர். 1925-இல் எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கியது. கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியாவும் நீரும் ஹைட்ரஜனும் அடைத்த குழாய்களில் வெப்பம்தான் சுழற்சியை நடத்துகிறது. அந்த வெப்பம் வாயுச் சுடரிலிருந்தோ, 12 வோல்ட் சுருளிலிருந்தோ, 230 வோல்ட் சுருளிலிருந்தோ வரலாம். கோளாறைத் தேடுபவருக்கு இது பெரிய வசதி. மூன்றிலும் குளிராவிட்டால் குளிர்விக்கும் அலகு, காற்றோட்டம், வண்டியின் சாய்வு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். வாயுவில் மட்டும் குளிராவிட்டால் பர்னரும் பொறி அமைப்பும். 12 வோல்ட்டில் மட்டும் குளிராவிட்டால் வயரும் ரிலேயும் சுருளும்.

12 வோல்ட் சுருள் 10 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுப்பதால், எஞ்சின் ஓடும்போது மட்டுமே அதற்கு மின்சாரம் விடப்படுகிறது. ஆல்டர்னேட்டரின் ‘டி பிளஸ்’ குறிப்பு வந்தால்தான் ரிலே இணையும். திறன் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், 12 வோல்ட்டில் 120 வாட் தரும் சுருள் 10.8 வோல்ட்டில் 97 வாட்தான் தரும். சுருளின் நலத்தை அறிய, இணைப்பைக் கழற்றிவிட்டுத் தடையை அளக்கலாம்: 120 வாட் சுருள் 12 வோல்ட்டுக்கானது என்றால் 1.2 ஓம், 230 வோல்ட்டுக்கானது என்றால் சுமார் 440 ஓம்.

தானியங்கி வகைகளில் எஞ்சினை நிறுத்திய பின் சுமார் கால் மணி நேரம் ஃபிரிட்ஜ் வாயுவுக்கு மாறாது. பெட்ரோல் நிலையத்தில் சுடர் பற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, பழுது அல்ல.

சுடர் இருந்தும் அணைவது

சுடர் மின்சாரத்தைக் கடத்தும். மின்முனையிலிருந்து சுடர் வழியாகப் பர்னரின் எர்த்துக்குப் பாயும் சில மைக்ரோஆம்பியரைக் கொண்டுதான் பலகை தீ இருப்பதை அறிகிறது. பர்னரின் எர்த் துருவேறினாலோ, மின்முனையில் கரி படிந்தாலோ, அதன் பீங்கான் விரிசல் விட்டாலோ, கண்ணெதிரே எரியும் சுடர் பலகைக்குத் தெரியாது. சில நொடிகளில் வாயுவை மூடிவிடும். அல்லது ‘டிக் டிக்’ என்று பொறி அடித்துக்கொண்டே இருக்கும். தெர்மோகப்பிள் வகையில் குமிழை அழுத்தியிருக்கும் வரை எரிந்து, விட்டதும் அணைந்தால் தெர்மோகப்பிளின் நுனியையும் திருகு இணைப்பையும் பார்க்க வேண்டும்.

மின்கோளாறு போலத் தோன்றுபவையும் உண்டு. பர்னர் குழாயில் சிலந்தி வலை கட்டும். சிலிண்டர் மாற்றியதும் குழாயில் உள்ள காற்று முதல் சில முயற்சிகளைக் கெடுத்துப் பலகையைப் பூட்டவைக்கும். பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்குக் கீழே ஆவியாவதில்லை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். அடுப்பு வலுவான நீலச் சுடருடன் எரிந்தால் வாயு வருகிறது என்று கொள்ளலாம். ஆனால் வண்டியின் அடியில் பொருத்திய தொட்டிகள் சிலவற்றில் 12 வோல்ட் வால்வு இருப்பதால், மின்சாரம் போனால் அடுப்பும் சேர்ந்தே நின்றுவிடும்.

பாதுகாப்பு

வாயு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், சிலிண்டரை மூடிவிட்டு வெளியேற வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும்; அதனால்தான் தரையில் திறப்புகள் விடப்பட்டுள்ளன, அவற்றை அடைக்கக் கூடாது. பேட்டரி, ஃபியூஸ், எர்த் வரை உரிமையாளரே பார்க்கலாம். வாயு இணைப்புகள் தகுதிபெற்றவரின் வேலை. பிரிட்டனில் ‘கேஸ் சேஃப்’ பதிவுபெற்ற தொழில்நுட்பர்கள் அதைச் செய்கிறார்கள். ஜெர்மனியில் ஜி 607 என்னும் வாயுச் சோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது.

புதிய வண்டிகள்

யூரோ 6 புகைவிதிக்கு ஏற்ற வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர், எரிபொருளைச் சேமிக்க, ஓட்டத்தின்போது வோல்ட்டைத் தானே தாழ்த்திக்கொள்ளும். வயர் எல்லாம் சரியாக இருந்தும் பயணத்தில் ஃபிரிட்ஜ் குளிராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எஞ்சின் பேட்டரிக்கும் வீட்டுப் பேட்டரிக்கும் இடையில் ஒரு சார்ஜர் வைத்து வோல்ட்டை உயர்த்துகிறார்கள். ஆனால் எஞ்சின் பேட்டரியிலிருந்து நேராக இணைத்த ஃபிரிட்ஜ் சுருளுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. இவ்வண்டிகளில், நிறுத்திவைத்து எஞ்சினைக் கிளப்பியதும் அளந்தால் 14 வோல்ட் காட்டக்கூடும். சாலையில் ஓடும்போது, உடன் வருபவர் ஒருவர் அளந்தால்தான் குறைவு புலப்படும்.