கரிசல் வழியில் வீரமாமுனிவர்

ஆகஸ்டு 15ஆம் நாள் அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. அதனையொட்டி விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளிலிருந்து இறைமக்கள் பலர் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா ஆலயத்திற்குத் திருப்பயணம் செல்வர். அடியேனும் பலமுறை சென்றிருக்கிறேன். ஒருமுறை பேருந்தில் அருகே அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், "சாமி, கொடைக்கானலுக்குப் போனால் கடவுளின் படைப்பை வியக்கலாம், இந்தக் காட்டில் வியக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வியே. சாத்தூரில் வைப்பாறு மணலாய்க் கிடந்தது. அதைக் கடந்தால் வெடித்த கரிசல் மண், பனைமரங்கள், வேலிக்கருவேல். மேற்கே நெடுந்தொலைவில் மலைத்தொடர் நீலக்கோடாய்த் தெரிந்தது. அவ்வளவுதான். ஆயினும் இவ்வழி முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருங்கவிஞரின் கால் பட்ட பூமி.

இத்தாலியில் கார்தா ஏரிக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்தவர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. இயேசு சபைக் குருவாகி, 1710இல் கோவா வந்திறங்கி, மதுரை மறைத்தளத்தில் சேர்ந்தார். அவரே நம் வீரமாமுனிவர். தொடக்க காலத்தில் அவர் பணியாற்றிய தளங்களுள் காமநாயக்கன்பட்டியும் ஒன்று. நீர்வளம் மிக்க நாட்டில் பிறந்தவருக்கு, மழையை எண்ணி வானம் பார்க்கும் வாழ்வை இக்கரிசல் சீமையே கற்பித்திருக்கும் என்பது என் துணிபு.

பின்னர் அவர் கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் பணியாற்றினார். 1726இல் தேம்பாவணியை இயற்றி முடித்தார். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட அக்காப்பியத்தில் யூதேயா நாடு தமிழகத்து மருத நிலமாகவே காட்சி தருகிறது. காப்பிய மரபு அது என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் தலைவனாகிய புனித சூசையப்பருக்கு அவர் இட்ட பெயரையும் நோக்க வேண்டும்: வளன். எபிரேய மொழியில் யோசேப்பு என்பதற்குப் பெருகச் செய்தல் என்பது பொருள். அதனைத் தமிழாக்கும்போது, மண்ணும் மழையும் தரும் வளத்தையே அவர் தேர்ந்துகொண்டார். உழைப்பாளியான ஒரு தச்சனின் பெயரில் நிலத்தின் செழிப்பு குடியேறியது. வறட்சியைக் கண்டறிந்தவனுக்கே ஒரு துளி நீரும் அருளாய்த் தெரியும்.

இதே வறண்ட வானம்தான் 1920களின் தொடக்கத்தில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்ற உதவியது. பின்னர் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. வேளாண்மைக்குக் குறையாய் இருந்த வெயில், மருந்தை உலர்த்த வாய்ப்பாயிற்று. ஆனால் அதற்கு விலையும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அதன் பின்னும் விபத்துகள் ஓயவில்லை.

ஐப்பசித் திருப்பலிகளில் நான் காணும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மானாவாரியாய்ப் பருத்தியும் உளுந்தும் விதைத்தவர் மழைக்காக மன்றாடுகின்றனர். தீபாவளிக்கு முன் சில நாள் கூலியேனும் கிடைக்க வேண்டுமே என்று பட்டாசுத் தொழிலாளர் வெயிலுக்காக மன்றாடுகின்றனர். சில வீடுகளில் தகப்பன் மழை கேட்கிறான். மகள் வெயில் கேட்கிறாள். நல்லோர்மீதும் தீயோர்மீதும் கதிரவனை உதிக்கச் செய்து மழை பெய்விக்கும் தந்தையைப் பற்றிய ஆண்டவரின் போதனையை அந்நாள்களில் வாசிக்கும்போது என் குரல் சற்றே தடுமாறுவதுண்டு. இரு மன்றாட்டையும் ஒரே பீடத்தில் வைப்பதன்றி வேறு வழி நான் அறியேன்.

மண்ணின் முறையீட்டையும் ஏழையின் முறையீட்டையும் ஒருசேரக் கேட்கும்படி 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் அழைத்தார். அவ்விரண்டும் ஒரே குரலாய் ஒலிக்கும் இடம் நம் கரிசல். மலையருவியின் முன் நின்று படைத்தவரை வியப்பது எளிது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் யாரோ ஒருவர் பசித்திருக்கும் நிலத்தில் நின்று அவரை நம்புவது அரிது.

அன்று அந்த இளைஞருக்கு நான் நீண்ட விடை கூறவில்லை. இறங்கும் இடம் வந்ததும் எங்களோடு வந்த மூதாட்டி ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடும் மண்ணில் மாதா கோயிலை நோக்கி நடந்தார். அவரைச் சுட்டிக்காட்டினேன். இளைஞர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, தம் செருப்பையும் கழற்றினார்.