மின்னியல் கலைச்சொற்களில் கைவிடப்பட்ட கொள்கைகள்

கல்லூரி முதலாண்டு இயற்பியலில் மின்னியல் பகுதியைத் தொடங்கும் மாணவர், சில வாரங்களுக்குள் மின்னூட்டம், மின்புலம், மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்னியக்கு விசை ஆகிய சொற்களைக் கற்றாக வேண்டியுள்ளது. இவற்றுள் ஒன்றேனும் கண்ணுக்குப் புலனாகும் பொருளைச் சுட்டுவதன்று. விசை, வேகம், எடை முதலிய எந்திரவியற் சொற்களுக்குப் பின்னே உடலின் பட்டறிவு நிற்கிறது. மின்னியலில் அத்துணை இல்லை. எனவே சொல் எந்த உருவகத்தைத் தாங்கி நிற்கிறதோ அதன் வழியாகவே மாணவர் பொருளைக் காண முற்படுகிறார். இச்சொற்களின் ஐரோப்பிய மூலங்களுள் பல, மின்சாரம் இன்னதென அறியப்படுவதற்கு முன்னரே, பிற்காலத்தில் கைவிடப்பட்ட கொள்கைகளைத் தழுவி ஆக்கப்பட்டவை. அவை இந்திய மொழிகளுக்குப் பெயர்ந்தபோது அக்கொள்கைகளுள் சில உடன்வந்தன, சில உதிர்ந்தன, வேறு சில புதிதாக ஏறின. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் முதல், 1961இல் நடுவண் அரசு நிறுவிய அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் வரை, ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்னும் வினாவே பெரிதும் விவாதிக்கப்பட்டது. எந்தக் கொள்கையைப் பெயர்க்கிறோம் என்னும் வினாவும் உடன் எழுந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பெயரின் பிறப்பு

வில்லியம் கில்பர்ட் 1600இல் வெளியிட்ட காந்தவியல் நூலில், தேய்த்தால் துரும்பை ஈர்க்கும் பொருள்களை, ஆம்பர் எனும் பிசின்கல்லின் கிரேக்கப் பெயரான எலக்ட்ரானைக் கொண்டு குறித்தார். ஆகவே ஐரோப்பியப் பெயரின் அடியில் இருப்பது தேய்த்தல் என்னும் செயல். இந்திய மொழிகளோ ஏறத்தாழ ஒருமுகமாக மின்னலைப் பற்றிக்கொண்டன: இந்தியில் பிஜ்லி, வித்யுத், வங்காளத்தில் தடித், பித்யுத், மராத்தியில் வீஜ், மலையாளத்தில் வைத்யுதி, தமிழில் மின். மின்னலும் தேய்த்தலாற் பிறக்கும் பொறியும் ஒன்றே என்பது பிராங்ளின் முன்மொழிந்த சோதனையைப் பிரெஞ்சு நாட்டினர் 1752இல் செய்து காட்டிய பின்னரே நிறுவப்பட்டது. எனவே நம் பெயர்கள் ஆய்வின் தொடக்கத்தையன்றி அதன் ஒரு முடிபைத் தாங்கியுள்ளன. பாடநூலின் முதற்பக்கத்தில் சீப்பும் காகிதத் துண்டும் வரும்போது ஆங்கில நூலில் பெயரும் செய்கையும் வரலாற்றால் இணைந்திருக்கின்றன. தமிழ் நூலில் அவ்விணைப்பை ஆசிரியர் தாமே ஏற்படுத்த வேண்டும்.

கருவியைக் கொண்டு பெயரிட்ட சான்றும் உண்டு. கல்கத்தாவுக்கும் டைமண்டு ஹார்பருக்கும் இடையே 1851இல் செய்திக்கம்பி இயங்கத் தொடங்கிய பின்னர், அம்முறைக்கு இந்தி தார் என்றும், மலையாளம் கம்பி என்றும், தமிழ் தந்தி என்றும் பெயரிட்டன. வீணையின் நரம்பைக் குறித்த சொல் செய்திக்கு ஆகி வந்தது. எவ்விதக் கொள்கையையும் சுமக்காமையால் அப்பெயர் ஒருபோதும் பிழையாகவில்லை. 2013இல் இந்தியாவில் தந்திச் சேவை நின்றபோது பொருள்தான் மறைந்தது.

ஊட்டமும் ஆவேசமும்

1733இல் துய் பே என்பார் கண்ணாடி மின்சாரம், பிசின் மின்சாரம் என இருவகை உண்டென்றார். பிராங்ளின் 1747இல் இதனை மறுத்து, எங்கும் பரந்துள்ள ஒரே பாய்மம் ஒரு பொருளில் மிகுந்தால் கூட்டல் நிலை, குறைந்தால் கழித்தல் நிலை என்றார். கண்ணாடிக் குடுவையில் அப்பாய்மத்தை நிரப்புவதற்கு அவர் ஆண்ட சொல், சுமையேற்றுதல், துப்பாக்கியில் மருந்திடுதல் என்னும் பொருள்களை உடையது. இதனைத் தமிழ்நாட்டில் மின்னூட்டம் என்றனர். ஊட்டுதல் என்பதில் ஊட்டுபவரும் உண்பவரும் உளர். ஆயின் எலக்ட்ரானுக்கு அதன் மின்னூட்டத்தை யார் ஊட்டினார் என்று மாணவர் வினவினால் விடை இல்லை, அஃது அத்துகளின் உள்ளார்ந்த பண்பாதலின். இலங்கையில் வழங்கும் ஏற்றம் என்பதற்கும் இக்குறை பொருந்தும். இந்தி, தெலுங்கு, கன்னடம் ஆகியவை ஆவேசம் என்னும் வடசொல்லை ஏற்றன. உட்புகுதல் என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் அச்சொல் சினத்துக்கும் சாமியாட்டத்துக்கும் உரியதாகிவிட்டமையால், அம்மொழிகளிலிருந்து அறிவியல் நூல்களைப் பெயர்ப்போர் இவ்விடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

குறிகளின் பெயர்கள் இதனினும் சுவையானவை. இந்தியில் தன ஆவேஷ், ருண ஆவேஷ் என்பர். தனம் செல்வம், ருணம் கடன். 628இல் பிரம்மகுப்தர் எண்களின் இருவகைக் குறிகளுக்கு ஆண்ட சொற்கள் இவை. பிராங்ளினின் மிகுதி, குறைவு என்னும் வரவுசெலவுக் கணக்குக்கு இதனினும் பொருத்தமான மொழிபெயர்ப்பைத் தேடியும் காண்டல் அரிது. ஆனால் பிராங்ளின் எப்பக்கம் மிகுதி என ஊகித்தாரோ அஃது எதிர்மாறாக அமைந்தது. 1897இல் ஜே. ஜே. தாம்சன் ஆராய்ந்த துகள் கழித்தற் குறியே உடையது என்று ஏற்பட்டபோது, உலோகக் கம்பியில் ஓடுவது செல்வமன்று, கடன் என்றாயிற்று. தமிழின் நேர், எதிர் என்னும் இணை மிகுதியையும் குறைவையும் சொல்லாமல் மாறுபாட்டை மட்டும் சொல்கிறது. மூலத்தோடு ஒப்பிட்டால் இது நெகிழ்ந்த மொழிபெயர்ப்பே. எனினும் இன்றைய இயற்பியலுக்கு இதுவே நெருக்கமானது.

ஓட்டம்

வோல்ட்டா 1800இல் தம் அடுக்கு மின்கலத்தை அறிவித்தபின் மின்சாரம் தொடர்ந்து இயங்கும் ஒன்றாயிற்று. இழுவிசை, ஓட்டம் என இரண்டையும் 1820இல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஆம்பியர். இந்தி தாரா என்றும், வங்காளம் பிரவாகம் என்றும், தமிழ் ஓட்டம் என்றும் அவர் கருத்தை ஏற்றன.

வகுப்பறைக்கு மாணவர் கொணரும் சொல் இவற்றுள் ஒன்றன்று. கரண்ட் என்பதே அது. பேச்சுத்தமிழில் 'கரண்ட் போயிடுச்சு' என்றால் வழங்கல் நின்றது என்று பொருள். 'கரண்ட் அடிச்சிடுச்சு' என்பது அதிர்ச்சியைக் குறிக்கும். கரண்ட் பில் என்பது ஆற்றலுக்கு இடப்படும் விலை. பட்டியலில் காணும் ஒரு யூனிட் 36 இலட்சம் ஜூல் ஆற்றலாகும், ஆம்பியர்க் கணக்கு அன்று. ஆங்கிலத்தில் ஓட்டத்தைக் குறித்த சொல்லைக் கடன் வாங்கிய பேச்சுவழக்கு, ஓட்டத்தைத் தவிர ஏனைய யாவற்றுக்கும் அதனை வழங்குகிறது எனலாம். கரண்ட் செலவாகும் பொருள் என்பது இவ்வழக்கின் இயல்பான துணிபு. அம்மாணவரிடம், தொடரில் இணைத்த இரு விளக்குகளில் முதல் விளக்கைக் கடந்த மின்னோட்டம் குறையாமல் இரண்டாவதற்கும் செல்கிறது என்று கூறினால் அவர் நம்பத் தயங்குவது வியப்பன்று.

இதற்குத் தாய்மொழியையே முழுக் காரணமாக்குதல் தவறு. அமெரிக்காவில் மெக்டெர்மட், ஷேபர் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகையான ஐந்து விளக்குகளை ஒளியின் அளவால் வரிசைப்படுத்தும் எளிய வினாவுக்கு, தொடக்கநிலைக் கல்லூரிப் பாடத்தை முடித்த மாணவருள்ளும் சுமார் 15 விழுக்காட்டினரே சரியாக விடையளித்தனர். மின்னோட்டம் வழியில் செலவாகிறது, மின்கலம் எச்சுற்றுக்கும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தருகிறது என்பன அவர்களிடம் காணப்பட்ட பிழைகள். ஆங்கிலம் பேசுவோரிடத்தும் இப்பிழை உண்டெனில், சொல் அதனைப் பிறப்பிப்பதினும் காத்து வளர்க்கிறது என்பதே பொருந்தும்.

இங்குத் தமிழுக்கு ஒரு வாய்ப்பு உள்ளது. தாரா ஆற்றின் ஒழுக்கு. கடலிற் சென்றது மீளாது. ஓட்டம் என்பதோ இரத்த ஓட்டத்துக்கும் உரிய சொல். இதயத்திலிருந்து புறப்பட்டது உறுப்புகளுக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டு இதயத்துக்கே மீள்கிறது. செலவாவது அது சுமந்து செல்வதுதான். மின்சுற்று என்னும் சொல்லில் வட்டமும் வெளிப்படை. இவ்விரண்டையும் இணைத்து விளக்கும் நூலாசிரியர் ஆங்கில நூலினும் தெளிவாக எழுத இயலும். ஆயினும் ஓட்டம் என்பது விரைவை உணர்த்துவதை மறத்தலாகாது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புடைய செப்புக்கம்பியில் ஓர் ஆம்பியர் செல்லும்போது எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு 0.07 மில்லிமீட்டரே நகர்கின்றன. ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். விசையை அழுத்தியதும் விளக்கு எரிவது கம்பியை ஒட்டி மின்புலம் மிக விரைந்து பரவுவதாலேயே ஆகும்.

அழுத்தமும் தடையும்

மாணவர்க்கு மிகக் கடினமான கருத்து மின்னழுத்தம். அறிஞர்களுக்கும் அஃது எளிதாயிருக்கவில்லை. வோல்ட்டா இழுவிசை என்றார். வெப்பம் பரவுதல் பற்றிய பூரியேயின் கணிதத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1827இல் நூல் வெளியிட்ட ஓம், மின்காட்டி விசை என்றார். கணிதச் சார்பு ஒன்றுக்கு இன்றைய ஆங்கிலப் பெயரை 1828இல் இட்டவர் ஜார்ஜ் கிரீன். ஓமின் அளவும் கிரீனின் அளவும் ஒன்றே எனக் கிர்க்காப் காட்டியது 1849இல். அரை நூற்றாண்டில் தெளிந்த கருத்தைப் பாடத்திட்டம் ஒரு வாரத்தில் கடக்கிறது.

தமிழ்நாட்டு நூல்களில் வளிமண்டல அழுத்தம், இரத்த அழுத்தம், மின்னழுத்தம் மூன்றும் ஒரே சொல்லால் ஆனவை. இலங்கைத் தமிழ்க் கலைச்சொல் மரபு இங்குக் கூரிய வேறுபாடு காட்டுகிறது. பரப்பின்மீது செயற்படும் விசைக்கு அது அமுக்கம் என்று பெயரிட்டு, அழுத்தம் என்பதை மின்னழுத்தத்துக்கு ஒதுக்கியது. நாம் நிலையாற்றல் என்பதை அழுத்த சக்தி என்று வழங்கி, இரண்டுக்கும் உள்ள உறவையும் சொல்லிலேயே வைத்தது. இவ்வேறுபாட்டை அறியாது இலங்கை நூலொன்றைத் தமிழ்நாட்டு மாணவர் படிப்பாராயின் இடர்ப்படுவார். அறிந்து படித்தால் மின்னழுத்தம் ஆற்றலோடு தொடர்புடையது என்பதை ஆங்கில விளக்கமின்றியே உணர்வார்.

உருவகத்தால் விளையும் நன்மை தீமைகளைச் சோதனையால் அறிய முற்பட்டவர்கள் டெட்ரி ஜென்ட்னர், டொனால்டு ஜென்ட்னர் இணையர். 1983இல் வெளிவந்த அவர்தம் ஆய்வில், மின்சாரத்தை ஓடும் நீராகக் கருதியோர் மின்கலங்களின் சேர்க்கை பற்றிய வினாக்களில் சிறந்தனர். வாயில்கள் வழியே நகரும் கூட்டமாகக் கருதியோர் தடைகளின் சேர்க்கையில் சிறந்தனர். மின்தடை என்னும் நம் சொல் வாயிலைச் சொல்வதில்லை, மறிப்பை மட்டும் சொல்கிறது. இரண்டு தடைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தத் தடை குறையும் என்பது அதனால் முரணாகவே தோன்றும். திருவிழாக் கூட்டத்துக்கு இரண்டாவது வாயிலைத் திறந்துவிடும் காட்சியை முன்வைத்தால் முரண் மறைகிறது. நாளிதழ்களில் மின்தடை என்பது மின்வெட்டையே குறிக்கிறது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆனோடு என்னும் சொல்

கொள்கை மாறினும் நிலைக்கத்தக்க பெயர்களை வேண்டுமென்றே தேடியவர் மைக்கேல் பாரடே. மின்னாற் பகுப்பில் துருவம் என்ற பெயர் ஈர்ப்பை உட்கொண்டது என அவர் ஐயுற்று, 1834இல் வில்லியம் ஹ்யூவெல் என்னும் அறிஞரோடு கடிதத்தில் கலந்தாய்ந்தார். மின்னோட்டத்தைக் கதிரவன் செல்லும் திசைக்கு ஒப்பவைத்து, ஏறும் வழி, இறங்கும் வழி எனப் பொருள்படும் ஆனோடு, கேத்தோடு என்னும் கிரேக்க ஆக்கங்களையும், செல்வது எனப் பொருள்படும் அயனி என்பதன் மூலச்சொல்லையும் ஹ்யூவெல் அளித்தார். நேர், எதிர் என்னும் குறி எதனையும் இப்பெயர்கள் சார்ந்திருக்கலாகாது என்பதே இருவரின் கருத்து.

தமிழில் அயனி ஒலிபெயர்ப்பாக நிலைத்தது. அதன் உடன்பிறப்புகளோ நேர்மின்வாய், எதிர்மின்வாய் எனக் குறியைக் கொண்டே பெயர்க்கப்பட்டன. இந்தியின் தனாக்ர, ருணாக்ர என்பனவும் அத்தகையனவே. மின்னாற் பகுப்பில் இதனால் இடரில்லை. ஆனால் 1836இல் தோன்றிய டேனியல் மின்கலத்தில் ஆனோடாகிய துத்தநாகத் தகடு எதிர்க்குறி உடையது. அவ்விடத்தில் வேதியியல் நூலை மொழிபெயர்ப்பவர், நேர்மின்வாய் எதிர்மின்தன்மை உடையது என்று எழுத நேர்கிறது. மாணவர் அதனை அச்சுப்பிழை என்று கருதவும் கூடும். மறுமின்னேற்றம் செய்யத்தக்க மின்கலத்தில் நிலைமை இதனினும் மோசம்: தகட்டின் குறி மாறாதிருக்க, ஆனோடு என்னும் தொழில் ஏற்றத்தின்போது ஒரு தகட்டுக்கும், இறக்கத்தின்போது மற்றதற்கும் உரியதாகிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் இந்தி நூல்கள் ஐனோட், கைதோட் என ஒலிபெயர்த்து இவ்விடரைத் தவிர்த்துள்ளன. நேர்மின்வாய் என்பதை மின்கலத்தின் நேர்க்குறி முனைக்கு மட்டும் உரியதாக்கி, ஆக்சிஜனேற்றம் நிகழும் வாய்க்கு ஆனோடு என்பதையே ஆளுதல் தக்கது. துத்தநாகத் தகடு எதிர்க்குறியுடைய ஆனோடு என்று எழுதும்போது வாக்கியம் முரணின்றி நிற்கிறது.