வில்லடித்துச் சொல்ல வேண்டிய கதைகள்

2006-ஆம் ஆண்டு யோகி பி & நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு வெளிவந்தபோது, தாளத்தோடு தமிழைப் பேசும் பாணி நம் நாட்டு இளையோரை மட்டுமல்ல, தமிழ்நாட்டையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பேச்சும் இசையும் கலந்த மேடை என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது 'ராப்' பாடல்தான். ஆனால், நேரடி இசையோடு மணிக்கணக்கில் கதை சொல்லிக் கூட்டத்தைக் கட்டிப்போட்ட கலை ஒன்று தமிழில் வெகுகாலமாகவே உண்டு. அதுதான் வில்லுப்பாட்டு.

திருநெல்வேலி, கன்னியாகுமரி வட்டாரத்துக் கோயில் கொடை விழாக்களில் வளர்ந்த கலை இது. மணிகள் கட்டிய பெரிய வில்லைக் கிடத்தி, அதன் நாணைத் தலைமைப் பாடகர் இரு வீசுகோல்களால் அடிப்பார். பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம். பின்னாளில் ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்துகொண்டன.

கருவிகளைவிட முக்கியமானவர் ஒருவர் அந்தக் குழுவில் இருக்கிறார். தலைவர் ஒரு வரி சொன்னதும் "ஆமா" போடுபவர் அவர். கேலி செய்வார், குறுக்கே கேள்வி கேட்பார், "அது எப்படி?" என்று மடக்குவார். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் மனத்தில் எழும் சந்தேகம் அவர் வாய்வழியாக மேடைக்கு வந்துவிடும். கதை தெரியாதவரும் பின்தங்கிவிடாமல் கேட்க முடிவது இதனால்தான். இசையும் கதைக்குக் கட்டுப்பட்டது. சிரிப்பு நீண்டால் வில் காத்திருக்கும். சண்டை வந்தால் குடம் முந்தும். முன்கூட்டியே பதிவு செய்த இசைக்கு இந்தப் பொறுமை கிடையாது.

இந்தக் கலையைக் கோயில் வாசலுக்கு வெளியே இருந்த மக்களிடம் கொண்டு சென்றவர்களில் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கொத்தமங்கலம் சுப்புவும் குறிப்பிடத்தக்கவர்கள். சுப்பு, காந்தியின் வாழ்க்கையையே வில்லுப்பாட்டாக்கினார். என்.எஸ்.கிருஷ்ணனால் சென்னைக்கு அழைத்து வரப்பட்ட சுப்பு ஆறுமுகம், ஊர் வழக்கு தெரியாதவருக்கும் புரியும் எளிய தமிழில் வில்லடித்து, வானொலி, தொலைக்காட்சி நேயர்களையும் எட்டினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், மறு ஆண்டு அக்டோபரில் காலமானார். அவருடைய மகள் பாரதி திருமகனும் வில்லிசைக் கலைஞரே.

நம் நாட்டில் பள்ளி விழாக்களிலும் ஆலய நிகழ்ச்சிகளிலும் வில்லுப்பாட்டு அவ்வப்போது மேடையேறுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடம், ஒரு நல்லுரை, கைத்தட்டல், அவ்வளவுதான். வில்லின் பழைய கதைகளோ அப்படிப்பட்டவை அல்ல. முத்துப்பட்டன் கதைபோல, அநியாயமாக உயிர்விட்டவர்களின் கதைகளே அவற்றில் ஏராளம். செத்தவரின் பெயரை ஆண்டுதோறும் ஊர் நடுவே உரக்கச் சொல்வதுதான் அந்தக் கலையின் வேலையாக இருந்தது.

அப்படிச் சொல்ல வேண்டிய கதை ஜொகூர் மக்களுக்கு இல்லையா? ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். காலராவும் பட்டினியும் அடியும் சேர்ந்து ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேரை விழுங்கின. ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்தத் துயரத்தைப் பதிந்து வைத்திருக்கின்றன. ஆனால், நாவலைக் கையில் எடுக்காத பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? போனவர்களை நேரில் அறிந்த தலைமுறையும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்துக் குடும்பங்கள் ஸ்கூடாய், மாசாய் பக்கத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது, வீட்டுத் திண்ணையில் கதை சொல்லும் பழக்கமும் அங்கேயே நின்றுவிட்டது.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. ஐந்தாறு பேர், ஒரு வில், ஒரு குடம், ஆலய மண்டபத்தில் ஓர் அரை மணி நேரம் போதும். எழுதுபவர்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்: அலங்காரத் தமிழ் எடுபடாது, தோட்டத்துப் பேச்சு வர வேண்டும். "ஆமா" போடும் இடத்தில் பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையை உட்கார வைத்தால் இன்னும் நல்லது. "பிரட்டுன்னா என்னாண்ணே?" என்று அந்தப் பிள்ளை உண்மையாகவே தெரியாமல் கேட்கும். தலைவர் வில்லை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிறுத்தியதை விளக்குவார். அப்படி ஒரு காலை வரிசையில் பெயர் கூப்பிடப்பட்டவர்கள் லாரியில் ஏறியதை அதற்குப் பிறகு சொல்லலாம்.