அடைத்து வைத்த தீ

அரண்மனைகளின் வரலாற்றைப் படிக்கும் நாம், அவற்றின் மடைப்பள்ளிகளைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. ஆயிரம் பேருக்குச் சமைத்தவர்கள் எவ்வளவு விறகை எரித்தார்கள், புகை எங்கே போயிற்று என்பவற்றுக்கு ஏடுகளில் இடம் குறைவு. அவற்றை அளந்து எழுதிவைத்த முன்னோடிகளுள் ஒருவர், ரம்ஃபோர்டு பிரபு எனப்படும் பெஞ்சமின் தாம்சன் (1753–1814).

மாசசூசெட்ஸில் பிறந்த இவர், அமெரிக்க விடுதலைப் போரில் பிரித்தானிய மன்னரின் பக்கம் நின்றவர். பின்னர் பவேரிய ஆட்சியாளர் கார்ல் தியோடரிடம் பணியில் அமர்ந்தார். பீரங்கி குடையும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்து, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கமே என்று 1798இல் வாதிட்டவரும் இவரே. 1790 சனவரி முதல் நாளன்று மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்களைத் திரட்டித் தொழிலில்லம் ஒன்றில் சேர்த்தார். படைக்கான துணி வேலை அவர்களுக்குத் தரப்பட்டது. பார்லியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி உணவாயிற்று. நாள்தோறும் ஏறத்தாழ ஆயிரம் பேருக்குச் சமைக்க வேண்டியிருந்தபோது, விறகுக் கணக்கு அரசாங்கக் கணக்காயிற்று.

அக்கால ஐரோப்பியச் சமையற்கூடங்களில் அகன்ற புகைபோக்கியின் அடியில் தீ திறந்தபடி எரிந்தது. வெப்பத்தின் பெரும்பகுதி, அறையின் காற்றையும் இழுத்துக்கொண்டு மேலே போயிற்று. எஞ்சியது சமைப்பவர் முகத்தில் அறைந்தது. ஒரு கெண்டித் தண்ணீரைக் கொதிக்கவைக்க இவ்வாறு வீணாகும் எரிபொருளில் ஐம்பது பேருக்குச் சமைத்துவிடலாம் என்பது ரம்ஃபோர்டின் கணிப்பு.

அவர் கண்ட தீர்வு எளியது. ஒவ்வொரு பாத்திரத்தையும் செங்கல் கட்டுக்குள் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித் தீயறை அமைத்தார். சாம்பற்குழியின் கதவிலுள்ள திறப்பைக் கூட்டியும் குறைத்தும் காற்றை அளந்து விடலாம். சூடான புகை பாத்திரத்தைச் சுற்றி வந்த பிறகே புகைபோக்கியை அடையும். முதன்மை அடுப்பின் மிச்ச வெப்பத்தைப் பக்கத்துக்கு அனுப்பும் நம் கொடியடுப்பை அறிந்தவர்களுக்கு இச்சிந்தனை அந்நியமாகத் தோன்றாது.

இந்தச் சிக்கனத்தால் கருவூலம் பயன்பெற்றது. அனல் குறைந்ததால் சமையற்காரரும் பயன்பெற்றார். இவ்விரண்டும் ஒன்றாக வந்ததற்குக் காரணம், தீ முதலில் அடைக்கப்பட்டதுதான்.

இன்றைய உணவகங்களில் அந்த வரிசை தவறிப்போவதுண்டு. அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு; அதிலுள்ள விசிறி, அடுப்பு எரிந்தாலும் அணைந்தாலும் ஒரே வேகத்தில் சுழல்கிறது. அது வெளியேற்றும் காற்றுக்கு ஈடான காற்று உள்ளே வந்தாக வேண்டும். குளிரூட்டிய கூடமானால் அதைக் குளிர்விக்கவும் மின்சாரம் வேண்டும். விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது கொள்ளும் மின்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெப்பத்தையும் புகையையும் உணர்ந்து வேகத்தை மாற்றும் கருவிகள் வந்திருப்பது இதனால்தான்.

ஆனால், மின்கட்டணத்துக்கு அஞ்சி விசிறியை மட்டும் தணிப்பது சிக்கனம் ஆகாது. மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய வாய்ப்பு மிகுந்தவற்றுள் ஒன்றாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட தொகுதி வகைப்படுத்தியது. விசிறியில் மிச்சப்படுத்தியதைச் சமைப்பவரின் நுரையீரல் செலுத்த நேரும். புகைக்கூண்டைத் தாழ்த்தி, பக்கங்களில் தடுப்பு வைத்து, அடுப்பின் வீண் அனலைக் குறைத்த பிறகே விசிறியைத் தணிப்பது முறை. ரம்ஃபோர்டு சென்ற வழியும் அதுவே.